பக்கத்து இருக்கையில் பதினோரு ஞாயிறு

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "ஷெட்டை இவ்வளவு பெரிசாக் கட்டிட்டு வீட்டை ஏன் இத்தனூண்டு கட்டுனீங்க?" நான் பதில் சொல்ல மாட்டேன். இவரைக் கைகாட்டிவிட்டுக் காபி போடப் போய்விடுவேன். இவர் சிரித்துக்கொண்டே நிற்பார். ஷெட்டுக்குள் நின்றதுதான் பதில்.

இவர் என்றால் ஜேம்ஸ்ராஜ், என் வீட்டுக்காரர். கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் (எங்கள் பக்கம் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்) இருபத்தாறு வருஷமாக மெஷின் மெக்கானிக். நான் ஜெயஷீலா, நர்ஸ் வேலை பார்க்கிறேன். கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷம். ஒரே மகள் ஜீனா சென்னையில் படிக்கிறாள். ஷெட்டுக்குள் நின்றது 2007 மாடல் சீடியா கார். ரெண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின், கருநீலம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கி இவரே ஓட்டிக்கொண்டு வந்தார். வந்து இறங்கியபோது இவர் முகத்தைப் பார்த்தேன். ஜீனா பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்தப் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்னாலேயே பிடித்தது. ஐடிஐ முடித்த கையோடு கோயம்புத்தூரில் ரேலி பந்தயக் கார்களைத் தயார் செய்கிற பட்டறை ஒன்றில் இவர் மூன்று வருஷம் வேலை பார்த்திருக்கிறார். ஒரு பந்தயத்தில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்ல வேண்டிய ஆளுக்குக் காய்ச்சல் வந்துவிட, இவரைத் தூக்கி உட்கார வைத்துவிட்டார்கள். கையில் ஒரு நோட்டு. அதில் எழுதியிருப்பதைப் பார்த்து, வளைவு வருவதற்கு முன்னாலேயே வளைவு, மேடு வருவதற்கு முன்னாலேயே மேடு என்று கத்திக்கொண்டே போக வேண்டுமாம். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறவன் வாயை நம்ப வேண்டுமாம். அந்த ஒரு நாள் கதையை இவர் எனக்குச் சொன்னது ஐம்பது தடவைக்குக் குறையாது. அப்பா இறந்ததும் ஊருக்குத் திரும்பி, தீப்பெட்டி ஆபீஸில் குச்சிக்கு மருந்து முக்குகிற மெஷினோடு காலம் போய்விட்டது.

கார் வந்ததும் அதற்கான ஊழியம் தொடங்கியது. ஊழியம் என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீடு நிற்பது கரிசல் மண்ணில். மழை பெய்தால் மண் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வீட்டுச் சுவரில் விரிசல் விட்டபோது, "எல்லார் வீட்டுலயும் விடுதுதான்" என்றார். ஷெட்டுத் தரை ஒரு விரல்கடை இறங்கியதும் லீவு போட்டுத் தோண்டி, சரள் கொட்டி, கல் பாவினார். கம்பெனி அந்த மாடலை நிறுத்தி வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரு ரப்பர் புஷ் வேண்டுமென்றாலும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் போன் போட்டு, பஸ்ஸில் பார்சல் வரவழைத்து, விடிகாலையில் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார். அறுப்பு முடிந்து காட்டு எலிகள் வீடுகளுக்கு வருகிற மாதங்களில் ஒயரைக் கடித்துவிடும் என்று பானெட்டுக்குள் புகையிலை கட்டித் தொங்கவிடுவார். எங்கள் அரிசிப் பானையை எலி கடித்தபோது என்ன செய்தார் என்று கேட்காதீர்கள்.

இவ்வளவும் செய்த காரில் நாங்கள் ஊருக்குப் போனோமா என்றால், இல்லை. ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவது டிவிஎஸ் வண்டியில். கடைக்குப் போவதும் அதில்தான். வீட்டில் ரெண்டு லிட்டர் கார் நிற்க, சேலையைக் கணுக்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகிற குடும்பம் கோவில்பட்டியில் எங்கள் குடும்பம் மட்டுமாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு, இவர் மட்டும் காரை எடுத்துக்கொண்டு பசுவந்தனை வழியாக எப்போதும்வென்றான் என்கிற ஊர் வரை போய்த் திரும்பி வருவார். "நானும் வாரேனே" என்று முதல் வருஷம் கேட்டேன். "பேச்சுக் கொடுத்தா இன்ஜின் சத்தம் கேக்காது, ஷீலா" என்றார். ரெண்டாம் வருஷமும் கேட்டேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் உள்ளே அது நின்றுகொண்டே இருந்தது. அந்த இடது பக்க இருக்கை எனக்கு வேண்டும், இவரே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டும். காருக்கு ஆசைப்பட்டு அல்ல. இவர் முகம் எங்கே அப்படி மலர்கிறதோ அங்கே நானும் ஒரு தடவை இருக்க வேண்டும் என்ற ஆசை. வயதுக்கு வந்த மகளை வைத்துக்கொண்டு சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

போன ஐப்பசி கடைசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், ஈயப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து நின்றார்.

"ஷீலா, சும்மாதான இருக்க? வாயேன், ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

"எதுல?"

"எதுலன்னா? கார்லதான்."

கையில் சாம்பலோடு நின்றேன். ஜுரம் கிரம் இருக்கிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. பிறகு ஓடிப்போய்ச் சேலை மாற்றினேன். நாற்பத்தேழு வயதில் அப்படி ஓடியிருக்க வேண்டாம்.

இருக்கை ரொம்பத் தாழ்வு. காரையே இவர் தாழ்த்தி வைத்திருந்தார், வளைவில் பிடித்து நிற்குமாம். உட்கார்ந்தால் ரோடு மடியில் இருக்கிற மாதிரி இருந்தது. நேரே பசுவந்தனை ரோட்டைப் பிடித்தார். ஊரைத் தாண்டியதும் சொன்னார்.

"ரேலியில பக்கத்துல இருக்கவன் என்ன செய்வான்னு சொல்லியிருக்கேம்லா? நீ அதைச் செய்யி. முன்னால என்ன வருதோ அதை வரும் முந்தியே சொல்லணும். வளைவு, மேடு, ஆடு, மாடு, எல்லாம்."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்ட்டி. ஒரு வெளையாட்டு."

விளையாடினேன். "வலது வளைவு. ஆடு, பத்துப் பன்னெண்டு இருக்கும், இடது பக்கம். பால்கார அண்ணாச்சி சைக்கிள்ல வாராவ, நல்லாப் பெருத்துட்டாவ."

"பெருத்ததெல்லாம் வேண்டாம். எந்தப் பக்கம்னு சொல்லு."

ரெண்டு பேரும் சிரித்தோம். ரெண்டு பக்கமும் மழை குடித்த கரிசல் காடு, உளுந்தும் பாசியும் ஒரு சாண் உயரத்தில். போகப்போக எனக்குச் சூட்சுமம் பிடிபட்டது. எவ்வளவு முன்னால் சொன்னால் இவர் கால் எப்போது பிரேக்குக்குப் போகும் என்று தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை அதிகமில்லாமல் சொல்லப் பழகினேன். வார்டில் டாக்டருக்கு நோயாளியைப் பற்றிச் சொல்வது மாதிரிதான். எப்போதும்வென்றான் கடைத்தெருவில் டீ குடித்துவிட்டுத் திரும்பினோம். வீட்டு வாசலில் காரை நிறுத்தி, "நல்லாச் சொன்ன" என்றார். இருபத்துமூன்று வருஷத்தில் என் குழம்புக்கு அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறும். நான் வியாழக்கிழமையே டியூட்டி மாற்றிக்கொள்ள ஆரம்பித்தேன். ஒரு வாரம் கடம்பூர் போளி வாங்கி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டு போனேன். கோயிலில் பெண்கள் கேலி செய்தார்கள். "என்ன ஷீலாக்கா, புதுப் பொண்ணு மாதிரி ஜோடியாச் சுத்துதீங்க?" கோபப்பட்ட மாதிரி நடித்தேன். ஜீனாவிடம் போனில், "உங்கப்பாவுக்கு இப்பத்தான் எம்மேல கண்ணு திரும்பியிருக்கு" என்றேன். அவள் சிரித்தாள். நான் சொன்ன வார்த்தைகளில் இன்றுவரை என்னைக் குத்துவது அந்த வார்த்தைதான்.

ஏனென்றால் எல்லாம் என் கண் முன்னால்தான் இருந்தது. காபியை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டு, "எல்லாம் பொய்யாப் போடுதான்" என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் டப்பாவில் இருக்கும் நம்பரை என்னைப் படிக்கச் சொன்னார். காரின் ஸ்பார்க் பிளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்து, மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். ஸ்க்ரூ டிரைவர் நழுவி விரலில் மூன்று தடவை குத்திக்கொண்டார். மூன்று தடவையும் கட்டுப் போட்டவள் நான். இவருக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. மாதம் தவறாமல் விரலில் குத்தி அளவு பார்த்து மாத்திரை கொடுப்பவளும் நான். வருகிற நோயாளி ஒவ்வொருவரிடமும், "சர்க்கரை இருந்தா வருஷத்துக்கு ஒருக்காக் கண்ணைக் காட்டணும், விட்டுரக் கூடாது" என்று கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லுகிறவளும் நானேதான். இவரைக் காட்டச் சொன்னேனா? வீட்டு ஆள் என்றால் நர்ஸுக்கும் புத்தி வேலை செய்வதில்லை போலிருக்கிறது.

கார்த்திகையில் இன்னொன்று செய்தார். சைலன்சர் குழாய்க்கும் கார் அடிப்பக்கத்துக்கும் நடுவில், சூடு பரவாமல் இருக்க ஒரு தகடு உண்டு. கரிசல் ரோடு மழைக்கு உப்பி அலை அலையாக ஆகியிருந்தது. ஒவ்வொரு மேட்டிலும் அந்தத் தகடு கடகடவென்று ஆடியது. "இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்க முடியல" என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். காரைப் பற்றி இவர் செய்யத் தகாததைச் செய்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். காதை மட்டும் நம்பி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் அவர் என்று அப்போது எனக்குத் தெரியாது.

மார்கழி பாதியில் உளுந்து பிடுங்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்காது. களம் இல்லாதவர்கள், இருந்தாலும் தூரமாக இருக்கிறவர்கள், காய்ந்த செடியைக் கொண்டுவந்து தார் ரோட்டில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிடுவார்கள். போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் செடியை உதறி ஒதுக்கினால் கீழே உளுந்து கிடக்கும். பஸ்காரரை வாழ்த்துவார்கள், ஒதுங்கிப் போகிறவனைத் திட்டுவார்கள். தாழ்வான காருக்கு அது எமன். காய்ந்த கொடி அடியில் சுற்றிக்கொள்ளும், சுட்டுக் கிடக்கும் குழாயில் ஒட்டும், பற்றிக்கொள்ளும். வருஷா வருஷம் எங்காவது ஒரு கார் இப்படி எரிவது உண்டு. அதனால் இவர் மார்கழி பாதியிலிருந்து மாசி வரை அந்த ரோட்டுப் பக்கமே போக மாட்டார். இந்த வருஷம் போனார். ஒன்பதாவது ஞாயிறும் பத்தாவது ஞாயிறும் நான் தூரத்திலேயே பார்த்து, "உளுந்து, முழு ரோடும்" என்றேன். உடனே நிறுத்திவிட்டுத் திரும்பிவிட்டார். ஓரத்தில் நின்றவர்கள் திட்டினார்கள். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சிரித்தோம்.

பதினோராவது ஞாயிறுக்கு முந்தின நாள் சண்டை. நாகர்கோவிலில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். "இந்தத் தடவை நம்ம கார்ல போவோம். எல்லாரும் பாக்கட்டும்" என்றேன்.

"கார் அம்புட்டு தூரம் வேண்டாம். பஸ்ல போ."

"ஏன்? பழகாத ரோட்டுல ஓட்ட மாட்டீங்களோ?"

"ஆமா. பழகின ரோட்டுலதான் ஓட்டுவேன்."

"எங்க சொந்தக்காரங்க முன்னால என்னைய அந்தக் கார்ல எறக்கிவிட உங்களுக்குக் கேவலமா இருக்கு. நேரா அதைச் சொல்லுங்க."

இவர் எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். நானும் சாப்பிடவில்லை. மறுநாள் ஆராதனையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு வழக்கம்போல் ஷெட்டுக் கதவைத் திறந்தார். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த இருக்கையை ஒரு வாரம் விட்டால் மறுபடி கிடைக்காமல் போய்விடுமோ என்று பயமாக இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டேன்.

ஊரைத் தாண்டியதும், "சொல்லு ஷீலா" என்றார். நான் பக்கக் கண்ணாடி வழியாகக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷம் கழித்து, "சொல்லேன்ட்டி" என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. நன்றாகக் கெஞ்சட்டும் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். கார் வழக்கத்தைவிட மெதுவாகப் போனது. கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பசுவந்தனையைத் தாண்டினோம். நேர் ரோடு என்பதால் அங்கே கொஞ்சம் வேகம் எடுத்தார்.

உளுந்து எனக்குத் தெரிந்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. முந்நூறு அடிக்கு முன்னாலேயே தெரிந்தது. ரோட்டின் அகலம் முழுக்கப் பரப்பி, கறுத்துக் கிடந்தது. அதன் கடைசியில் சிவப்புச் சேலையில் ஒரு பெண் உட்கார்ந்து சொளகில் புடைத்துக்கொண்டிருந்தாள். வெயில் எங்கள் முதுகுப் பக்கம். கண்ணில் அடித்தது என்று சொல்ல வழியில்லை. இவரே நிறுத்துவார், நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்புவார், முதலில் பேச வேண்டியது இவராகத்தான் இருக்கும். என் கணக்கு இவ்வளவுதான். இவர் நிறுத்தவில்லை.

கார் அப்படியே ஏறியது. அடியில் வாரி இழுக்கிற சத்தம். "என்னது, என்னது இது?" என்று இவர் பிரேக்கை மிதித்தார். செடி மேல் டயர் வழுக்கிக்கொண்டே போனது. அந்தப் பெண் சொளகை வீசிவிட்டு ஓரத்தில் விழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தைத் தாண்டித்தான் கார் நின்றது. அவளுக்கும் டயருக்கும் ஒரு கை அகலம்தான் இடைவெளி. உளுந்து வறுக்கிற வாசனை வந்தது. யாரோ பக்கத்தில் வறுக்கிறார்கள் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன், பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் என் பக்கக் கதவுக்குக் கீழேயிருந்து புகை ஏறியது.

இறங்கினோம். தீப்பெட்டி ஆபீஸ் மனிதர், இருக்கைக்கு அடியில் தீயணைக்கிற சிலிண்டர் வைத்திருந்தார். அதை எடுத்தார், பின்னைப் பிடுங்கத் தெரியவில்லை. விரல் அதைத் தேடித் தேடித் தடவியது. நான் பிடுங்கிக் கொடுத்தேன். அவர் அடித்தது தீ இருந்த இடத்துக்கு ரெண்டடி தள்ளி. நான் வாங்கி அடித்தேன், தீர்ந்துவிட்டது. அடியில் சுற்றியிருந்த செடி மொத்தமும் பிடித்துவிட்டது. பின்னால் பரப்பியிருந்ததும் பிடித்தது. ஆட்கள் ஓடிவந்து செடியை இழுத்துப் பிரித்தார்கள், மண் அள்ளிப் போட்டார்கள். காரை ஒன்றும் செய்ய முடியவில்லை. பெட்ரோல் கார், எல்லோரும் தூரமாக வாங்க என்று யாரோ கத்த, இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

மூச்சு வாங்க நின்றோம். இவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ ஏன் சொல்லல?"

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நான் ஏன் சொல்லணும்? உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

 எங்களுக்கு முன்னால், நாலடி தூரத்தில், சிவப்புச் சேலைக்காரி தலையில் அடித்துக்கொண்டு, "தேவுடா, தேவுடா" என்று தெலுங்கில் கடவுளைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தாள். இவர் அவளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே, மெதுவாகக் கேட்டார்.

"யாரோ அழுத சத்தம் கேக்குதே. யாரு ஷீலா? எங்கன நிக்காவ?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. காபி, பேப்பர், பிளக், தகடு, நாகர்கோவில், பதினோரு ஞாயிறு, எல்லாம்.  அந்த ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கார் எரிவதைப் பார்த்து மனசு தாங்காமல் உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

புரட்டாசியிலேயே இவருக்குத் தெரியுமாம். தீப்பெட்டி ஆபீஸுக்கு வந்த கண் முகாமில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரையினால் விழித்திரையில் ரத்தம் கசிகிறது, உடனே மதுரைக்குப் போய் ஊசி போட வேண்டும், வண்டி ஓட்டவே கூடாது என்று.

"போயிருக்கலாம்லா? உடனே போயிருக்கலாம்லா?" என்று கத்தினேன்.

"போனா நீ காரைத் தொட விட மாட்ட. இந்த ஒரு சீசன் மட்டும் ஓட்டிட்டுப் போவோம்னு நெனச்சேன்."

மதுரை டாக்டர் ரொம்ப நல்ல மாதிரி. திட்டவில்லை. "நாலு மாசம் முந்தி வந்திருந்தா நெறைய மிச்சம் பிடிச்சிருக்கலாம்மா" என்று மட்டும் சொன்னார். அதையும் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், நர்ஸ் என்று சீட்டில் எழுதியிருந்தது. ஊசிகள் போட்டார்கள், லேசர் செய்தார்கள். இப்போது இவருக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது நிழலாகத் தெரியும். ஆபீஸில் வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஒரு ஸ்டூல் போட்டு மெஷின் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். சத்தத்தை வைத்து எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுகிறாராம். எத்தனை நாளைக்கு வைத்திருப்பார்கள் என்று தெரியாது.

மதுரை ஆஸ்பத்திரியில், கண்ணில் மருந்து விட்டு வரிசையில் உட்கார வைத்திருந்தபோது நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தப் பதினோரு ஞாயிறும் என்னையக் கூப்பிட்டது இந்தக் கண்ணுக்காகத்தானா?"

இவர் மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"ஆமா ஷீலா."

வேறு எதுவும் சேர்க்கவில்லை. இவருக்கு மறைக்க வரும், பொய் சொல்ல வராது. பொய்யாவது சொல்லியிருக்கலாம். ஒரு சின்னப் பொய். நான் நம்பியிருப்பேன், மீதிக் காலத்தை அதை வைத்துக்கொண்டு ஓட்டியிருப்பேன். எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்து, நர்ஸ் கூப்பிட்டதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

சிவப்புச் சேலைக்காரியின் பெயர் சுகுணா. குத்தகைக்கு எடுத்த நிலத்தில் போட்ட உளுந்து அது, ஒரு வருஷப் பாடு. எரிந்ததற்கு ஈடாக நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்ததை அவள் வாங்கிக்கொண்டாள். இவர் கையெடுத்துக் கும்பிட்டார், அவள் நின்ற திசைக்குச் சற்றுத் தள்ளி. சுகுணா அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "உளுந்துக்குக் கொடுத்துட்டீங்க. நான் செத்திருந்தா எம்பிள்ளைக்கு என்னத்தக் கொடுத்திருப்பீங்க?" என்றாள். முந்நூறு அடிக்கு முன்னால் நான் அவளைப் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது. இவருக்கும் தெரியாது. கவனிக்கவில்லை என்றுதான் ரெண்டு பேரிடமும் சொல்லியிருந்தேன். எனக்குப் பொய் வரும்.

எரிந்த கூட்டை ரெக்கவரி வண்டியில் கொண்டுவந்து ஷெட்டில் போட்டிருந்தோம். இவர் சாயங்காலம் போய் அதன் பக்கத்தில் நிற்பார். தகரத்தைத் தடவிப் பார்ப்பார், கை கரியாகி வரும், நான் சோப்புப் போட்டுக் கழுவிவிடுவேன். வைகாசியில் ஒருநாள் இவரே சொன்னார், "கொடுத்துருவோம் ஷீலா. எலி குடி வந்துட்டு." பழைய இரும்புக் கடை குலாம் ரசூல் பாய்க்குப் போன் செய்தேன்.

நேற்றுக் காலையில் அவர் லாரியோடும் ரெண்டு ஆட்களோடும் வந்தார். செயினை மாட்டும்போது இவரிடம் வந்து, "அண்ணாச்சி, அடியில கருகாத பார்ட் ரெண்டு மூணு இருக்கு. ஞாபகத்துக்கு எதையாவது கழட்டித் தரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம் பாய்" என்றார் இவர். வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில், இடது பக்கத்தில் நின்றேன். செயின் இறுகுகிற சத்தம் கேட்டதும் இவர் தலை லேசாகச் சாய்ந்தது.

"சொல்லு ஷீலா."

சொன்னேன்.

"முன் பக்கம் தூக்கிட்டாவ. பின் சக்கரம் வெறும் ரிம்மோட உருளுது. ஷெட்டு வாசல் தாண்டிட்டு. பலகையில ஏறுது... நின்னுட்டு. மறுபடி இழுக்காவ. ஏறிட்டு. கயிறு கட்டுதாவ, ரெண்டு சுத்து."

"பெயின்ட் எங்கயாவது மிச்சம் இருக்கா?"

"டிக்கி மூலையில இருக்கு. உள்ளங்கை அகலம். நீலம்."

தலையை ஆட்டினார். லாரி கிளம்பியது. நான் நிறுத்தவில்லை. "தெருவுல எறங்குது. வேகத்தடை, ஏறி எறங்குது. இடது பக்கம் தண்ணி லாரி, ஒதுங்குது. பள்ளிக்கூடம் தாண்டுது." ஒரு வார்த்தை அதிகமில்லாமல், இவருக்கு எவ்வளவு முன்னால் வேண்டுமோ அவ்வளவு முன்னால் சொன்னேன். பள்ளிக்கூடத்தை ஒட்டி ரோடு வலது பக்கம் திரும்பும். லாரி திரும்பியது. கொஞ்சம் புழுதி நின்றது, அதுவும் அடங்கியது. அதை நான் சொல்லவில்லை. 

இவர் கேட்டைப் பிடித்தபடியே தெருப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். லாரிச் சத்தம் பெரிய ரோட்டுச் சத்தத்தோடு கலந்து, எது எதுவென்று தெரியாமல் போய்விட்டது. இவர் காதுக்கும் அது கேட்டிருக்காது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"இன்னும் தெரியுதா ஷீலா?"

வெறும் தெரு. கையை எடுத்து அவர் கை மேல் வைத்தேன்.

"தெரியுது" என்றேன்.